‘வாரேன்’ என்று சொல்லிப் போகும் வார்டு

டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் உங்கள் பயிற்சி நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆன நர்ஸுக்கு ஒரு சால்வை, ஒரு காபி, கொஞ்ச நேரம் பேச்சு. தலைப்பு, ‘அன்றாட வாழ்விலும் பணியிலும் நன்றியுணர்வு’. ஹாலுக்கு வெளியே ஒரு பச்சைப் பலகையை மாட்டி, ஆளுக்கொரு வண்ணத் தாளைக் கொடுத்து, இன்று யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள் என்று எழுதி ஒட்டச் சொன்னார்கள். நீங்களும் வரிசையாக ஒட்டினீர்கள். அம்மாவுக்கு நன்றி, காற்றுக்கு நன்றி. ஒருவர் கேன்டீன் வடைக்கு நன்றி என்று எழுதியிருந்தார். அந்த வடையைப் பல வருடம் தின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர் ரொம்ப நல்ல மனசுக்காரர்.

நான் பேசி முடித்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். “நாங்க நன்றி சொல்றது இருக்கட்டும் மேடம். எங்களுக்கு யாரு சொல்றா? நாலு மணி நேரம் பக்கத்துலயே நின்னு பாக்குறோம். ஊசிய எடுத்ததும் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிர்றாங்க. ஒரு தாங்க்ஸ் கூடக் கிடையாது.”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்து, ஏதோ சமாளித்துவிட்டு இறங்கிவிட்டேன். ஆனால் பஸ் ஏறி திருப்பரங்குன்றம் வந்து இறங்குகிறவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இங்கே யார் வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். இரண்டு இடங்களில் மட்டும் அதைச் சொல்வதில்லை. ஒன்று துக்க வீடு. அங்கே சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். இன்னொன்று ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் ஆன ஆள் பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். ‘வாரேன்’ என்று சொன்னால் மறுபடியும் வந்து படுக்க வேண்டியதாகிவிடும் என்ற பயம்தான். நான் சர்ஜரி வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன ஒருவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, “போயிட்டு வாங்கய்யா” என்று சொல்லிவிட்டேன். அவருடைய சம்சாரம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதுக்கு, இன்னொருக்கா அறுக்கவா?” என்று கேட்டது. அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை.

பிறகு டயாலிசிஸுக்கு மாற்றினார்கள். முதல் நாளே அங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. ஊசி எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்த ஒவ்வொருவரும், “வாரேன் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர், கண்டிப்பான மனுஷி, மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டே சொன்னார். “மத்த வார்டுல நாம அவங்கள அனுப்பி வைக்கணும். இங்க திரும்ப வர வைக்கணும். ‘வாரேன்’னு சொன்னா வேலைய விட்டுட்டு நிமிந்து பாத்து, ‘வாங்க’ன்னு சொல்லு. சும்மா தலைய ஆட்டாத.” அப்போது எனக்கு அது ஒரு மரியாதைப் பேச்சாகத்தான் பட்டது.

காசிமாயன் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன், மனுஷரை மாற்றவில்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர். மாட்டுச் சந்தையில் தரகர். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிற ஆள். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் திங்களும் வியாழனும் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். கூடவே அவருடைய மனைவி பவுன்தாய். விடியும்போது வீட்டில் கிளம்பி, மினி பஸ் பிடித்து உசிலம்பட்டி வந்து, அங்கிருந்து மதுரை பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி வருவார்கள். அவர் உள்ளே மிஷினில் படுத்திருப்பார். அந்த அம்மாள் வெளியே பெஞ்சில், வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் கிடையாது. இரண்டு பேர்தான்.

அவருக்கு எங்கள் மிஷின் ஒரு எருமை, உடம்பிலிருந்து அது எடுக்கிற தண்ணீர்தான் பால். ஊசி குத்தியதும் ஆரம்பித்துவிடுவார். “தங்கச்சி, இன்னிக்கு எம்புட்டுக் கறப்ப?”

“நீங்க எம்புட்டுத் தண்ணி குடிச்சீங்களோ அம்புட்டு.”

“நான் எங்க குடிச்சேன். அது பாட்டுக்கு மழையில நனைஞ்சேன், உள்ள எறங்கிருச்சு.”

தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னால் இப்படித்தான் பேசுவார். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் பல்லைப் பார்த்து வயசு சொல்லுவார். அவர் வருகிற நாளில் வார்டே கலகலவென்று இருக்கும். நான்கு மணி நேரம் முடிந்ததும், தன் போர்வையை மடித்துப் பையில் போட்டு, சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு, “வாரேன் தங்கச்சி, எருமைக்குத் தண்ணி காட்டு” என்று போவார். நன்றி என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த வியாழக்கிழமை அவர் பேசவே இல்லை. எருமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பவுன்தாய் தன் ஒரு கிட்னியைக் கொடுக்க முன்வந்து, அவருக்குத் தெரியாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ரத்தப் பிரிவு பொருந்தியிருந்தது. அந்த வாரத் திங்கட்கிழமை டாக்டர் அதை இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். மேற்கொண்டு பார்க்க வேண்டிய பரிசோதனைகளையும் சொன்னார். அந்த யோசனையில் இருக்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

ஊசி எடுத்து முடிந்தது. எனக்கு எதிர்ப் படுக்கையில் ஒரு அம்மாவுக்கு பிரஷர் இறங்கி, நான் அவரது காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். காசிமாயன் அண்ணன் ஒவ்வொருவராகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், “ரொம்ப நன்றித்தா.” டெக்னீசியனிடம், “ரொம்ப நன்றிய்யா, நல்லாப் பாத்துக்கிட்ட.” கடைசியில் என் பின்னால் வந்து நின்று, “தங்கச்சி, ஒனக்கு ரொம்ப நன்றிம்மா” என்றார். திரும்பி, “என்னண்ணே புதுசா?” என்று கேட்பதற்குள் அந்த அம்மா வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். அவரைச் சரிபண்ணி நிமிர்ந்தபோது அண்ணன் போய்விட்டார்.

டெக்னீசியன் பையனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “பாத்தீங்களா சிஸ்டர், நம்மளையும் மனுசனா மதிச்சு ஒருத்தர் நன்றி சொல்லிட்டாரு.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. சுவரைப் பார்த்தேன். அவருடைய ஆணியில் போர்வைப் பை இல்லை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதே கிடையாது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். “நன்றி சொன்னதுக்கெல்லாம் பயப்பட ஆரம்பிச்சா எப்படி சிஸ்டர்?” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, படித்த பாடத்தில் அது எங்கேயும் இல்லை. சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றேன். “சரி தங்கச்சி, சரி தங்கச்சி” என்றார். ‘வாரேன்’ என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவருடைய மிஷின் காலியாகக் கிடந்தது. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பஸ் கிடைத்திருக்காது, உறவில் ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மத்தியானம் டியூட்டி முடிந்ததும் டாக்டரிடம், “சாயந்தரம் ஒரு மிஷினைக் காலியா வச்சிருங்க. நான் ஆளைக் கூட்டிட்டு வாரேன். வரலேன்னா நாளைக்கு என்னைத் திட்டிக்கோங்க” என்று சொல்லிவிட்டு, யூனிஃபார்மை மாற்றாமலேயே ஆரப்பாளையத்துக்கு ஓடினேன்.

பஸ்ஸில் செக்கானூரணி தாண்டும்வரை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். சத்தம் போடுவதா, கெஞ்சுவதா, அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைப்பதா. ஒன்றும் பிடிபடவில்லை. உசிலம்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்து, விசாரித்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தகரம் போட்ட மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. கட்டிலுக்கு அடியில் குடித்துப் போட்ட இளநீர்க் கூடுகள் கிடந்தன. இளநீரில் இருக்கிற பொட்டாசியம் நம் நோயாளிகளின் இதயத்தையே நிறுத்திவிடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும். நானே பலமுறை திட்டித் திட்டிச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளேயிருந்து பவுன்தாய் ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

“வாங்க சிஸ்டர். மிசினு சரியாயிருச்சா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மிசினு ரிப்பேரு, சிஸ்டரே போன் பண்ணிச் சொல்லும், அப்ப வந்தாப் போதும்னு சொல்லிவிட்டீகளாம்ல. இவருக்கு மூச்சு முட்டுது, எப்பத்தான் சரியாகும்னு நானும் போன் போடச் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.”

அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சந்தையில் அத்தனை பேரை மடக்கிப் பேசுகிற மனுஷர், மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ‘மிஷினுக்கு ஒன்னுமில்ல, உன் புருஷன்தான் சாகப் பாக்குறாரு’ என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் உண்மைதான். ஆனால் அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்ச் சோறு தின்னும்போதும், இவர் தன்னிடம் வாங்குவதைவிடச் சாவதே மேல் என்று நினைத்தார் என்பதைச் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும்.

“சரியாயிருச்சும்மா” என்றேன். “அதான் கையோட கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுவோம், பஸ்ஸெல்லாம் வேணாம்.”

காசிமாயன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய் வெளியே வந்துவிடும். ஆம்புலன்ஸ் வந்ததும் பேசாமல் ஏறிக்கொண்டார். பவுன்தாய் அவருடைய வீங்கின காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். மதுரை வரும்வரை அண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை.

மிஷினில் போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. பவுன்தாயை டீ குடித்துவிட்டு வரும்படி அனுப்பினேன். அவர் போனதும் அண்ணன் கேட்டார்.

“என்னைய ஏன் காட்டிக் குடுக்கல?”

“குடுத்தா அந்த மனுசி மொகத்துல எப்படி முழிப்பீங்க?”

“முழிக்கிற எண்ணத்துலயா தங்கச்சி இருந்தேன்.” வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “பொண்டாட்டி வயித்தக் கிழிச்சு எடுத்துத்தான் நான் ஒன்னுக்கு இருக்கணுமா? எனக்கு வெல தெரியாத மாடு அந்தச் சந்தையில கெடையாது. பல்லப் பாத்தாச் சொல்லிருவேன். இதுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்? என்னத்தச் சொல்லி வாங்குவேன்?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நோயாளி என்றும் பார்க்கவில்லை. “அவ வெல சொன்னாளா உங்ககிட்ட? துண்டப் போட்டு வெரலப் பிடிச்சாளா? இத்தன வருசமா அவ ஆக்கிப் போட்டதத் தின்னீங்களே, அதெல்லாம் வெல பேசியா தின்னீங்க? உங்களுக்கு உப்பு ஆகாதுன்னு அவளும் உப்பில்லாமத் தின்னுறா. அதுக்கு என்ன வெல குடுத்தீங்க?”

“அவ எதுக்கு உப்பில்லாமத் திங்கிறா?”

“அவளையே கேளுங்க. பெஞ்சுல உக்காந்து எங்கிட்டச் சொன்னா. நீங்க மொகத்தச் சுளிச்சுக்கிட்டுத் திங்கிறப்ப, தனக்கு மட்டும் உப்புப் போட்டுத் திங்க மனசு வரலையாம். நீங்க மிசினுக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து அப்படித்தானாம்.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரே சட்டியிலிருந்து எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனைவி. அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை. கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குப் போனது. ஊசி இருக்கிற கையை அசைக்கக் கூடாது என்பதால் துடைக்காமல் கிடந்தார். நான்தான் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது” என்றார்.

பிள்ளைகளா, நான் பெரிதாக ஒன்றும் சொல்லித் திருத்திவிடவில்லை. தெரியாத ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். அன்று மிஷினை விட்டு எழுந்ததும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போர்வைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் ஆஸ்பத்திரிப் போர்வையை மடித்து என்னிடம் கொடுத்தார். “வாரேன் தங்கச்சி” என்றார். நான் நிமிர்ந்து பார்த்து, “வாங்கண்ணே” என்றேன். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஏன் அப்படிக் கண்டிப்பாகச் சொன்னார் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. ஒருவர் ‘வாரேன்’ என்று சொல்கிறாரா இல்லையா என்பது, நாம் பார்க்க வேண்டிய பிரஷர் மாதிரி, எடை மாதிரி ஒரு கணக்கு.

மிஷின் ரிப்பேர் கதையை அவரே மனைவியிடம் ஒரு நாள் சொல்லிவிட்டாராம். பவுன்தாய் அடித்திருக்கிறார். நிஜமாகவே அடித்திருக்கிறார், அவரே கன்னத்தைக் காட்டிச் சொன்னார். பிறகு அண்ணன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் மைக்கிலேயே சொல்லியிருப்பேன். அடுத்தகட்டப் பரிசோதனையில் பவுன்தாய்க்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவருக்கே தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாங்க மாட்டேன் என்று உயிரை விடத் துணிந்தவர், மனசைத் தேற்றிக்கொண்டு கையை நீட்டிய பிறகு இப்படி. பவுன்தாய் பெஞ்சில் உட்கார்ந்து, “குடுக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையே” என்று அழுதார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏற்கனவே உப்ப விட்டா. இப்ப சீனியையும் விடணும். இனிமே இவளுக்கு என்னதான் மிச்சம்?” என்று எங்களைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். பாதியிலேயே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் உள்ளே போய் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். எத்தனையோ சாவைப் பார்த்தவள்தான் நான். அன்றைக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். எருமையும் திரும்ப வந்தது. ஆனால் ஒரு பழக்கம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. மிஷினில் படுத்துக் கொஞ்ச நேரமானதும் கடிகாரத்தைப் பார்ப்பார். “தங்கச்சி, வெளிய அவ சாப்பிட்டாளான்னு ஒரு எட்டுப் பாரு.” பவுன்தாயின் சர்க்கரை மாத்திரையைத் தன் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார், உள்ளே போகும்முன் ஒன்றை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஊசி எடுத்ததும் முதல் கேள்வி, “பவுனு சாப்பிட்டாளா?” நாங்கள் வேலைக்கு நடுவில் எட்டிப் பார்த்துச் சொல்லியே ஓய்ந்துபோனோம். ஒரு நாள் சாப்பிடவில்லை என்று சொன்னதற்கு, மிஷினை நிறுத்து, நான் போய்ப் பார்க்கிறேன் என்று ரகளை பண்ணிவிட்டார். நன்றி என்ற வார்த்தையை மறுபடி அவர் யாரிடமும் சொல்லவில்லை. பவுன்தாயிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

பின்னொரு திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். வழக்கம்போல வம்பு பேசினார். போர்வையை மடித்து ஆணியில் மாட்டினார். “வாரேன் தங்கச்சி.” “வாங்கண்ணே.”

வியாழக்கிழமை காலை, நான் டியூட்டிக்கு வந்து கையைக்கூடக் கழுவவில்லை, போன் அடித்தது. பவுன்தாய்.

“சிஸ்டர், அவரு இன்னிக்கு வரமாட்டாரு.”

குரல் நிதானமாக இருந்தது. எனக்கு உடனே விளங்கவில்லை. “ஏம்மா, மேலுக்கு முடியலையா?”

“விடியக்காலையில போயிட்டாரு சிஸ்டர். பஸ்ஸுக்குக் கெளம்ப சட்டையெல்லாம் போட்டுட்டு உக்காந்தவரு, அப்படியே சாஞ்சுட்டாரு.” பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. “அந்த மிசினு சும்மா கெடக்கும்ல. வேற யாருக்காச்சும் போட்டு விடுங்க. யாராச்சும் மூச்சு முட்டிக்கிட்டுக் காத்துக் கெடப்பாக.”

வைத்துவிட்டார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புருஷன் உடம்பு வீட்டில் கிடக்கிறது. இன்னும் சொந்தக்காரர்களுக்கே சொல்லி முடித்திருக்க மாட்டார். அதற்குள் எங்களைக் கூப்பிட்டு, மிஷின் காலியாகக் கிடக்க வேண்டாம் என்று சொல்கிறார். வெளியே கேஷுவாலிட்டியிலிருந்து அனுப்பிய ஒருவர், திருவாதவூர்ப் பக்கத்து விவசாயி, தள்ளுவண்டியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எப்போது இடம் கிடைக்கும் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரை எடுத்து அண்ணனுடைய மிஷினில் போட்டேன். ஊசி குத்தும்போது எனக்குக் கண் மறைத்தது. டெக்னீசியனைக் குத்தச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

கேள்வி கேட்ட பெண்ணே, எங்களுக்கு யாரு நன்றி சொல்றா என்று கேட்டாயே. எனக்கு அந்தப் போன்தான் வந்தது. என் வேலைக்காலம் முழுவதற்கும் அது போதும்.

மத்தியானம் நானும் தரை துடைக்கிற அக்காவும் துக்கத்துக்குப் போனோம். அதே கொட்டம், அதே கயிற்றுக் கட்டில். பவுன்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கிற நேரம் வந்து, ஆண்கள் எல்லாரும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குமேல் எனக்கு அங்கே வேலையில்லை. வழக்கப்படி யாரிடமும் சொல்லாமல் எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“அக்கா.”

அதுவரை அவர் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். திரும்பினேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பவுன்தாய் நின்றார்.

“சொல்லாமப் போறீகளே.”

“துக்க வீட்டுல சொல்லக் கூடாதும்மா.”

உள்ளேயிருந்து சொந்தக்காரப் பெண் ஒருத்தி, “ஏத்தா, அவுகளப் போக விடு” என்று இழுத்தாள். பவுன்தாய் கையை உதறிவிட்டார்.

“மத்தவுக சொல்ல வேணாம். நீங்க சொல்லிட்டுப் போங்க. திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் வந்தா இனிமே எனக்குப் போக ஒரு எடமில்லக்கா. வரவும் ஆளில்ல.”

என்ன சகுனமாவது, என்ன சம்பிரதாயமாவது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பப் போய், அவர் கையைப் பிடித்து, “வாரேன் பவுனு” என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “வாங்க” என்றார்.

பிள்ளைகளா, பலகையில் தாள் ஒட்டுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் வார்டில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே ‘வாரேன்’ என்று சொன்னால், கையில் என்ன வேலை இருந்தாலும் ஒரு நொடி நிமிர்ந்து பாருங்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான். சொல்லாமல் போனால், பின்னாலேயே போங்கள்.

இன்றைக்குப் புதன்கிழமை. இதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நாளைக் காலையில் நான் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் போகாவிட்டால் பவுனு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.